ஓரத்தில் நின்று பாடியவள்

ஜனவரி 14

பெர்லின் முழுக்கச் சேறாகக் கிடக்கிறது. பனி பெய்தால் ஒழுங்காகப் பெய்ய வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இது இரண்டும்கெட்டான் பிழைப்பு. பல் காட்ட வரவேண்டிய மூன்று பேர் வரவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன்.

ஊரிலிருந்து வேலை தேடி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் மார்னி குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நல்ல பியானோ இருக்கிறது. என் கணவன் எக்கஹார்ட் அவளுக்காகவே ஆளைக் கூப்பிட்டுச் சுருதி சேர்த்து வைத்திருக்கிறான். அதை விட்டுவிட்டு எதற்குக் குளியலறை என்று கேட்டால், "அங்க பாடினாத்தான் கிளெண்டா, நான் ஏதோ நல்லா பாடுற மாதிரி கேக்குது" என்கிறாள். மாதிரியாம்!

எனக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் நான் வளர்ந்த தூவூம்பாவில் பள்ளிக்கூடத்துக் கோரஸிலிருந்து என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார்கள். ஆனால் இந்தப் பெண் பாட ஆரம்பித்தால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் நடையிலேயே நின்றுவிடுகிறேன். இன்றும் நின்றேன், ஈர பூட்ஸோடு.

ஜனவரி 27

ஞாயிற்றுக்கிழமை. மார்னியின் அப்பா மெர்வ் கூப்பிடும் நாள். அவர் அங்கே ஆஸ்திரேலியாவில், போர்ட் பிரீயில் ஈயம் உருக்கும் ஆலையில் இருக்கிறார். மனைவி இன்னொருவரைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்குப் போய்விட்ட பிறகு இந்த ஒரே பெண்ணைத் தனியாக வளர்த்தவர். சமையல்கட்டில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்கள், எனக்கும் காதில் விழும்.

"அங்க குளுரா குட்டி?"

"ஆமாப்பா."

"இங்க வெயிலு கொளுத்துது. நாய் குளியல் தொட்டியிலேயே படுத்துக் கெடக்கு."

பிறகு கொஞ்ச நேரம் நாயைப் பற்றி. பிறகு, வழக்கம்போல: "பள்ளிக்கூடத்துல அந்தப் பாட்டு டீச்சர் வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு. நீ எப்ப வர்றேன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாங்க. சும்மா சொன்னேன்."

சும்மாவாம். எல்லா வாரமும் சும்மா. நீ எப்படிப் பாடுகிறாய், யாராவது கேட்டார்களா என்று ஒரு வார்த்தை விசாரிப்பாரா? மார்னிக்கு ஆகஸ்டோடு விசா முடிகிறது. அதற்குள் இசை நாடகம் போடுகிற ஏதாவது ஓர் ஓபரா அரங்கம் அவளை வேலைக்கு எடுக்காவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம்தான். அது கேவலமான வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாள்?

பிப்ரவரி 9

மேற்கே ஒரு பெரிய ஊர் அரங்கத்தில் மார்னிக்குக் குரல் தேர்வு. காலை ரயிலில் போனவள் சாயங்காலம் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சூப் ஊற்றிக் கொடுத்தேன். பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் வாய் திறந்தாள்.

"பாடினது ஓகேதான். கைகூடத் தட்டினாங்க. அப்புறம் அந்த ஆளு, உங்களை நாங்க ஏன் எடுக்கணும்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"வேற யாரும் சிக்கலன்னா என்னை வச்சுக்கலாம்னு சொன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன்டி?"

"ஜோக்குதானே கிளெண்டா! யாரும் சிரிக்கல. ஒருத்தர் மட்டும் எழுதிக்கிட்டார்."

எழுதித்தான் கொள்வார். இங்கே ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது வாக்குமூலம். எங்கள் ஊரில் அப்படியா? ஆறு விக்கெட் எடுத்த பையன், பந்து தானாகவே திரும்பிவிட்டது என்று சொல்லவேண்டும். எதிரில் இருப்பவர், போடா போடா என்று முதுகில் தட்டவேண்டும். அதுதான் முறை. நான் நன்றாகத்தான் வீசினேன் என்று அவன் சொல்லிவிட்டால் முடிந்தது, சாகும்வரைக்கும் ஊரே வைத்து ஓட்டும். தாய்ப்பாலோடு எங்களுக்கு ஊட்டுவது இதைத்தான்: அடக்கி வாசி. அதையே பெர்லினில் வந்து வாசித்தால், அடக்கி வாசிப்பவளுக்கு அவ்வளவுதான் வாசிக்க வரும் என்று நம்பிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 10

எக்கஹார்ட் பௌதிக வாத்தியார். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே யோசித்திருக்கிறான்.

"அவளுக்கு அந்த வேலை வேணுமா வேண்டாமா?"

"உயிரைக் கொடுத்து வேணும்."

"அப்ப வேணும்னு சொல்லவேண்டியதுதானே?"

இவனிடம் எதை விளக்குவது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் சமைத்ததை "பரவாயில்லையா?" என்று கேட்டால், "உப்பு கொஞ்சம் குறைவு" என்று பதில் சொல்லும் மனிதன்.

மார்ச் 3

டெல்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த வேலையையே ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். ஒரு காலத்தில் இங்கே ஓர் இசைக்குழுவில் புல்லாங்குழல் வாசித்தவள். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள், வாய் மட்டும் குறையவில்லை. பெர்லினில் இருக்கிற ஆஸ்திரேலியர்கள் ஏழெட்டுப் பேரைப் பிடித்து, ஊரிலிருந்து ஆடவும் பாடவும் நடிக்கவும் வருகிற பிள்ளைகளுக்கு ஒருவர் அறை கொடுங்கள், ஒருவர் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், எல்லாரும் சேர்ந்து சோறு போடுங்கள் என்று கட்டளை போட்டாள். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் மார்னிக்கு முன்னால் ஒரு சர்க்கஸ் பெண் இருந்தாள். கதவு நிலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பல் தேய்ப்பாள். பல் டாக்டரான எனக்கு அது தாங்கவில்லை. இப்போது மாண்ட்ரியாலில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவாள், தலைகீழாக நிற்கிற படத்தோடு.

இன்று ஒத்திகைத் தேர்வு. நான், டெல்மா, எக்கஹார்ட் மூவரும் கூடத்தில் நாற்காலி போட்டு வரிசையாக, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மார்னி வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, பாடி, நாங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். தன்னைத் தானே மட்டம் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது முழுக்க அவள் தலையில். டெல்மா போட்ட சட்டம்.

"உங்க குரலைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் டெல்மா.

"மேல் ஸ்தாயி கொஞ்சம்..."

"பாத்திரம்!"

"சாரி..."

"அதுக்கும் பாத்திரம். சாரி எதுக்குடி கண்ணு? யாரையாவது மிதிச்சியா?"

நான் இடையில் புகுந்து, "விடு டெல்மா, எனக்கே இந்தக் கேள்வி கேக்கத் தகுதியில்ல, எனக்குச் சங்கீதத்துல ஒரு மண்ணும் தெரியாது" என்றேன்.

டெல்மா விரலை என் பக்கம் திருப்பினாள். கடைசியில் லாமிங்டன் கேக் சுட்ட தட்டு, பிசுபிசுவென்று சாக்லேட் ஒட்டிய பாத்திரங்கள், எல்லாவற்றையும் நானும் மார்னியும் சேர்ந்துதான் கழுவினோம். எக்கஹார்ட் துடைக்கக்கூட வரவில்லை. அவன் தன்னைப் பற்றி ஒன்றும் குறைவாகச் சொல்லவில்லையாம்.

ஏப்ரல் 11

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஓபரா அரங்கம். ஒரு பாடகிக்குக் காலையில் தொண்டை கட்டினால், சாயங்காலக் காட்சிக்கு அதே வேடம் தெரிந்த ஆளைத் தேடி நாடு முழுக்கப் போன் பறக்கும். தெரியும் என்று சொல்பவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவேண்டும். அப்படிப் போய் ஒரே ராத்திரியில் பிழைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். மார்னியின் ஏஜெண்ட் அவளை ஓர் இளவரசன் வேடத்துக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறாள். ஆண்பிள்ளை வேடம்தான், ஆனால் பாடுவது பெண். மார்னிக்கு அந்த வேடம் தலைகீழ்ப் பாடம். எதிர்ப்பாட்டு, பின்பாட்டு, எல்லாமே. குளியலறைச் சுவருக்குக்கூட மனப்பாடம்.

இன்று காலை லாவ்டர்ஃபெல்ட் என்ற சின்ன ஊரின் அரங்கத்திலிருந்து போன். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"இளவரசன் வேடம் உங்களுக்குத் தெரியுமா?"

மார்னி சொன்னாள்: "பாத்திருக்கேன். மேடையில பண்ணினதில்ல. இன்னும் நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க, முதல்ல அவங்களைக் கேட்டுப் பாருங்க. யாரும் இல்லன்னா நான் ஏதோ முயற்சி பண்றேன்."

அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். முதலில் அவர்களைக் கேட்டும் பார்த்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

ஏன்டி இப்படி? ஏன்? பாத்திருக்கேனாம்! ராத்திரி தூக்கத்தில்கூட அதைத்தானே முணுமுணுக்கிற! வாய்க்கு எட்டுனதை நீயே தட்டிவிட்டுட்டியே!

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அவளே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கிளினிக்குக்குத் தாமதம்.

ஏப்ரல் 19

என் நாக்கை நானே பிடுங்கிப் போட்டுக்கொள்ளவேண்டும். அதற்கான கருவி எல்லாம் என்னிடம் இருக்கிறது.

லாவ்டர்ஃபெல்ட் அரங்கத்தின் இயக்குநர், பிராண்டிஸ் என்கிற அம்மா, எனக்குப் போன் செய்தார். மார்னி அப்போது ஐஸ்கிரீம் கடை வேலைக்குப் போயிருந்தாள். அவர்களுக்கு அடுத்த வருஷத்துக்கு நிரந்தரமாக ஒரு பாடகி வேண்டுமாம். ஏஜெண்ட் மறுபடியும் மார்னியின் பெயரைச் சொல்லி, என் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். "நீங்கதானே அவங்களை ஆதரிக்கிறவங்க. நம்பி எடுக்கலாமா? எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டார்.

நான் இந்த ஊரில் வந்து விழுந்து பாதி வாழ்க்கை முடிந்துவிட்டது. நல்ல ஜெர்மன் பேசுகிறேன். ஜெர்மானியர்களுக்கு அவர்கள் மொழியிலேயே கெட்ட செய்தி சொல்லிப் பழக்கம்: இந்தப் பல் தேறாது, அந்த ஈறு அழுகிவிட்டது. அப்படிப்பட்ட நான் வாயைத் திறந்து என்ன சொன்னேன்?

"ஏதோ சமாளிச்சுருவா. பொண்ணு மோசமில்ல."

கேட்டது நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி. அவ்வளவுதான், நாக்கு நேரே தூவூம்பாவுக்கு ஓடிப்போய்விட்டது. நம் பிள்ளையை நாமே புகழ்வதா, கண் பட்டுவிடாதா, தம்பட்டம் அடிக்கிறாள் என்று நினைக்கமாட்டார்களா. "அப்படியா," என்றார் அந்த அம்மா. அந்த "அப்படியா" இன்னும் காதில் இருக்கிறது.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எக்கஹார்ட் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பாத்திரம்" என்றான்.

ஏப்ரல் 20

காலையில் முதல் வேலையாக நானே போன் செய்தேன். உதவியாளர் எடுத்தார். அம்மா கூட்டத்தில் இருக்கிறாராம்.

"நேத்து நான் சொன்னது தப்பு. அவ ரொம்ப நல்லா பாடுவா. ரொம்ப, ரொம்ப நல்லா. நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா, எங்க ஊர்ல..."

"சொல்லிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்னியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மோசமில்லன்னா சொன்னீங்க? எங்கப்பா ஜென்மத்துல அவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்ல கிளெண்டா!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசிச் சொட்டு சிரிப்பில் வந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

மே 5

லாவ்டர்ஃபெல்டிலிருந்து ஒன்றும் இல்லை. தேர்வுக்குப் போன மற்ற இரண்டு இடங்களிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு. மெர்வ். நாய்க்குக் காலில் முள். பாட்டு டீச்சர் வேலை இன்னும் காலி.

மே 22

திரும்பிப் போக விமானச் சீட்டு விலை எவ்வளவு என்று மார்னி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திரையை மூடிவிட்டாள். நான் பார்க்காத மாதிரி நடந்துகொண்டேன். அவளும் நான் பார்க்காத மாதிரி நடந்துகொண்டாள்.

எப்படிப் பார்த்தாலும் இந்தப் பெண் போகத்தான் போகிறாள். ஜெயித்தால் வேறு ஊருக்கு, தோற்றால் வீட்டுக்கு. இங்கே தங்குவதற்கென்று யாரும் வருவதில்லை. தெரிந்துதான் கட்டில் போட்டேன். ஆனால் இவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் எனக்கு வீடே சரியில்லை. இதை எழுதவாவது எனக்குத் தைரியம் இருக்கட்டும்: இவள்மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

ஜூன் 14

வந்துவிட்டது!

காலை காபி ஆறுவதற்குள் போன். லாவ்டர்ஃபெல்ட். அதே இளவரசன். அங்கே பாடுகிறவளுக்குத் தொண்டை வீங்கிப் பேச்சே வரவில்லையாம். போன தடவை கிடைத்தவள் சுவீடனில் இருக்கிறாளாம். இன்று சாயங்காலக் காட்சி.

நானும் எக்கஹார்டும் பேசிவைக்காமலே மார்னிக்கு எதிரே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம், உர்ரென்று. அவள் எங்களைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது, ஏதோ கொலையை ஒப்புக்கொள்ளப் போகிறவள் போல.

"தெரியும்," என்றாள். "முழு வேடமும் தெரியும். நல்லா பாடுவேன். அடுத்த ரயில்ல வரேன்."

போனை வைத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கினாள். நானும் கூடப் போகிறேன். பல் வலிக்காரர்கள் நாளைக்கு வரட்டும்.

ஜூன் 15

எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒத்திகைக்கு நேரமில்லை. ஆகவே இப்படி அவசரத்துக்கு வருகிறவர்களின் வழக்கப்படி மார்னி மேடையின் ஓரத்தில், இசைக்குறிப்பு வைக்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறுப்பு உடையில் நின்று பாடினாள். காலில் என் செருப்பு, கிளம்பும் அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மேடை நடுவில் இளவரசன் உடையை மாட்டிக்கொண்டு வாயசைத்து நடித்தவர் உதவி இயக்குநர். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், நெஞ்சுவரை தாடி. நெருக்கிப் பிடித்த வெள்ளைக் கால்சட்டை. அவர் மண்டியிட்டுக் காதல் சொல்ல, ஓரத்திலிருந்து தேன் மாதிரி ஒரு குரல். முதல் பத்து நிமிஷம் சனங்கள் சிரிப்பை அடக்கத் தவித்தார்கள். நானும்தான்.

கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் தாடிக்காரரைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் படிக்கட்டிலிருந்து இறங்கும்போது தாடிக்காரருக்குக் கால் பிசகிவிட்டது. அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. எதிரில் இளவரசி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், பிடிக்க ஆளில்லை. வாத்தியங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

மார்னி ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தாள். பாட்டு ஒரு இடத்திலும் அறவில்லை. நடந்து போய்த் தாடிக்காரர் தலையிலிருந்த இறகுத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, இளவரசியின் கையைப் பிடித்தாள். அந்த மேடையில் அவள் அதற்குமுன் ஓர் அடிகூட வைத்ததில்லை. இளவரசியாக நடித்த பெண் கெட்டிக்காரி, கண்ணாலேயே எங்கே போகவேண்டும் என்று காட்டினாள். மார்னி போனாள். என் செருப்பு அவளுக்குப் பெரிது, டக் டக்கென்று சத்தம் கேட்டது. தாடிக்காரரோ படியில் உட்கார்ந்தபடியே கடைசிவரைக்கும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார், பாவம், கடமை தவறாதவர்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சந்தோஷத்தில் காலால் தரையைத் தட்டினார்கள், கத்தினார்கள். நான் அழுதேன். விசும்பியெல்லாம் அழுதேன். பக்கத்துப் பெரியவர், "உங்க பொண்ணா?" என்று கேட்டார். "இல்ல," என்றேன். பிறகு, "எங்க பொண்ணு," என்றேன்.

திரும்பும் ரயிலில் மார்னி சொன்னாள்: "நடுவுல ஒரு இடத்துல தாளம் கொஞ்சம் தவறினேன், கவனிச்சீங்களா?"

"வாயை மூடு," என்றேன். "நீ பிரமாதமா பாடின. என் ஆயுசுல இப்படி ஒண்ணு நான் கேட்டதில்ல."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே காது சூடாகிவிட்டது. ஆனால் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூன் 21

பிராண்டிஸ் அம்மா மார்னியை நேரில் கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை தனியாகப் போகிறேன் என்றாள். சரி என்றேன்.

ஒரு கிழவருக்குக் கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. கையுறையோடு எட்டிப் பார்த்தேன். "இரண்டு வருஷ ஒப்பந்தம். விசாவுக்கு அவங்களே கடிதம் தர்றாங்க. நான் ஏன் வேணும்னு கேட்டாங்க. நல்லா பாடுவேன், கடுமையா உழைப்பேன்னு சொன்னேன். சொல்லும்போது செத்துட்டேன்."

"ஆஆ?" என்றார் கிழவர், வாயைத் திறந்துகொண்டே.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன். "என் வீட்டுப் பொண்ணு பெரிய பாடகி."

ஜூன் 23

ஞாயிறு. மார்னி அப்பாவிடம் சொல்லவேண்டும். காலையிலிருந்து சமையல்கட்டை மூன்று தடவை பெருக்கிவிட்டாள்.

"அப்பா, எனக்கு இங்க வேலை கிடைச்சுருச்சு. ரெண்டு வருஷம்."

மார்னி துடைப்பத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். 

"ம்," என்றார் மெர்வ். "அப்ப சரி." பிறகு, "இங்க இன்னும் மழையைக் காணோம்." பிறகு, "ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட சொல்லிடறேன்."

அவ்வளவுதான். நாயைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"அவருக்குச் சந்தோஷமே இல்ல கிளெண்டா," என்றாள். "நான் ஏதோ பெரிய ஆளாயிட்டேன்னு நினைக்கிறாரு. கொம்பு முளைச்சுருச்சுன்னு."

எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? எங்கள் ஊர் ஆண்களை அப்படியே ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கவேண்டும்.

ஜூலை 7

டெல்மா எங்கள் வீட்டில் விருந்து வைத்தாள். பாவ்லோவா கேக்கைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கடி அந்த மோசமில்லாத பொண்ணு?" என்றாள். நான் சொன்ன அந்த வார்த்தை சாகும்வரை என்னை விடாது.

ஆகஸ்ட் 24

மார்னி இன்று லாவ்டர்ஃபெல்டுக்குக் குடிபோனாள். எக்கஹார்ட் வாடகை வண்டி ஓட்டினான். பெட்டிகளை எந்த வரிசையில் ஏற்றினால் இடம் மிஞ்சும் என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தான். அவள் போன பிறகு குளியலறையில் நின்று ஏதோ ஒரு பாட்டை உரக்கப் பாடிப் பார்த்தான். கழுதை கத்துகிற மாதிரி இருந்தது. 

செப்டம்பர் 19

மார்னி போனில். அக்டோபரில் அவளுக்கு முதல் வேடம். அதே இளவரசன்தான், இந்த முறை முழு உடையோடு, மேடை நடுவில். "அப்பா வர்றாராம்," என்றாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. அவர் ஆஸ்திரேலியாவை விட்டு எங்கேயும் போனதில்லை. பாஸ்போர்ட்டே இப்போதுதான் எடுத்திருக்கிறார். ஏன் வருகிறார் என்று கேட்டாளாம். "லீவு நிறைய மிச்சம் இருக்கு" என்றாராம்.

அக்டோபர் 11

மெர்வை விமான நிலையத்தில் நான்தான் போய் அழைத்து வந்தேன். ஒல்லியான மனிதர், பெரிய கைகள். கூட்டத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மார்னியின் படுக்கையில் படுக்க வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அவரே படுக்கையை மடித்து வைத்துவிட்டு, எங்கள் சமையல்கட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிக்கொண்டிருக்கிறார். கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. திட்டுவதற்கு நான் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே கிடக்கின்றன.

"அவ உங்களுக்குத் தொந்தரவு ஏதும் குடுத்தாளா?" என்றார்.

"இல்ல மெர்வ்."

"சத்தம் போட்டுக்கிட்டே இருப்பாளே."

"ஆமா," என்றேன். "இப்ப அந்தச் சத்தம் இல்லாம வீடு ஒரு மாதிரி இருக்கு."

குழாயைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

அக்டோபர் 13

ஞாயிறு மதியக் காட்சி. மெர்வ் எனக்கும் எக்கஹார்டுக்கும் நடுவில். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டாக இருக்கவேண்டும், தோளில் இடிக்கிறது. காட்சி முழுவதும் கையைத் தொடையில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். தட்டும்போது எல்லாரோடும் தட்டினார், எல்லாரும் நிறுத்தியபோது நிறுத்தினார். இந்த மனிதர் கல்லா என்று நான் நினைத்தேன்.

முடிந்ததும் அரங்கத்துக் கேண்டீனுக்குப் போனோம். வேடம் கலைக்காமலே மார்னி ஓடி வந்தாள், இறகுத் தொப்பியோடு. அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "வேர்த்திருக்க, குளுரு பிடிச்சுக்கப் போவுது" என்றார். அவ்வளவுதான். மார்னி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சொன்னேனில்ல என்கிற சிரிப்பு.

அப்போது பிராண்டிஸ் அம்மா வந்தார். மெர்வின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: உங்கள் மகள் அற்புதமான பாடகி. அதை நான் மெர்வுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மனுஷன் வெட்கப்படப் போகிறார், ஏதாவது தமாஷ் சொல்லி மழுப்பப் போகிறார், அதை எப்படி ஜெர்மனில் ஆக்குவது என்று நான் முன்னாலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஆமா," என்றார் மெர்வ். "தெரியும்."

தன் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"பள்ளிக்கூடத்து விழாவுல முதல் தடவை பாடினப்பவே தெரியும். நான் கடைசி வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன். இந்தப் புள்ள ஊர்ல தங்காதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதான் நான் ஒண்ணும் சொல்லிக்கல."

மார்னி கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து வைத்தாள். "அப்பா," என்றாள். 

மெர்வ் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகப் பிராண்டிஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். நான் மெர்வ் சொன்னபடியே ஜெர்மனில் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல்.